போர்ச் செய்தி வரும் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூன் 13 அன்று ஈரானில் குண்டு விழத் தொடங்கியது. மூன்றாம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். சமூகப்பணி படித்துவிட்டுப் புதிதாக எங்களோடு வீடு வீடாக ஆட்களைப் பார்க்க வரத் தொடங்கிய இரண்டு பெண் பிள்ளைகளும் கூட வந்தார்கள். அந்த வீட்டு ஆள் ஈரானில் மீன்பிடிப் படகில் வேலை. எங்களைக் கண்டதும் அவர் மனைவி உடைந்து அழுதார். வந்த பிள்ளைகளில் ஒருத்தி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணும் ஆகாது அக்கா. கப்பல் பொறப்பட்டாச்சாம். ரெண்டு நாள்ல வந்திருவாவ."

எனக்கு உள்ளே பதறிவிட்டது. இதே மாதிரி ஒரு வாக்கியத்தை 2017 டிசம்பரில் நானே ஒரு தாயிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு, 2005 முதல் கடற்கரை ஊர்களில் ஆற்றுப்படுத்துநராக இருக்கிறேன். வளைகுடாவிலோ ஈரானிலோ ஆள் இல்லாத தெரு எங்கள் மாவட்டத்தில் குறைவு. படகில் போனவர்கள், செவிலியர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள் என்று பல வீடுகளில் ஒருவராவது உண்டு. எங்கோ போர் என்றால் இங்கே அடுப்பு எரியாத வீடுகள் இருக்கும். தண்ணீர் குடியுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், பொய்ச் செய்தியைப் பகிராதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உறுதியில்லாத நல்ல செய்தியை ஆறுதலுக்காகச் சொல்வது

ஒக்கி புயல் 2017 நவம்பர் 29 இரவு தொடங்கி மறுநாள் வரை அடித்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகள் சிதறின. சில லட்சத்தீவிலும் சில மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கின. பல வரவே இல்லை. நாங்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்திருந்தோம். ஐந்து நாளாகச் சாப்பிடாமல் குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயிலின் படியில் இருந்த ஒரு அம்மாவைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அன்று மதியம் யாரோ போனில், இன்ன பெயருள்ள படகு லட்சத்தீவில் இருக்கிறதாம் என்றார்கள். அது அவர் மகன் போன படகின் பெயர். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த அம்மா எழுந்தார். குளித்தார். சோறு சாப்பிட்டார். மகனின் சட்டை இரண்டை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார்.

மூன்று நாள் கழித்துத்தான் அது வேறு படகு என்று தெரிந்தது. எங்கள் பக்கம் படகுகளுக்குப் புனிதர்களின் பெயர்தான் வைப்பார்கள். ஒரே பெயரில் ஒரே ஊரில் நாலு படகு இருக்கும். பதிவு எண்ணைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. மகன் திரும்பவே இல்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நீ சொன்னியே மக்களே" என்று ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். அதன் பிறகு எங்களில் யார் போனாலும் கதவு திறக்கவில்லை. நிவாரணப் படிவம் எழுத உதவி தேவைப்பட்டபோதும் எங்களைக் கூப்பிடவில்லை. மூப்பில் இருந்த அவர், பேருந்து ஏறி அலுவலகம் அலுவலகமாகத் தனியாக அலைந்தார்.

இப்போது தூத்தூர் வீட்டுக்கு வருகிறேன். இரண்டு நாள் என்று கேட்ட அந்த மனைவி நாளை எண்ணத் தொடங்கினார். இரண்டாம் நாள் போயிற்று, மூன்றாம் நாள் போயிற்று, ஆள் வரவில்லை. உண்மையில் கப்பல் எதுவும் புறப்பட்டிருக்கவில்லை. அவர் கணவர் துறைமுகத்தில் மற்றவர்களோடு அறையில்தான் இருந்தார். ஆனால் மனைவியின் பயம் அதற்குள் இடம் மாறிவிட்டது. "கப்பலுக்கு என்ன ஆச்சு? நடுக்கடலில குண்டு போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். இல்லாத கப்பலை நாங்களே கொண்டுவந்து அதை அவர் மனதில் மூழ்கவும் வைத்துவிட்டோம். அந்தத் துறைமுகத்திலிருந்து உண்மைச் செய்தி வந்தபோதுகூட அவர் நம்பவில்லை.

இது எனக்கு இன்றும் ஆத்திரம் தருகிற தவறு. ஏனென்றால் இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அழுகையைப் பார்த்துத் தாங்காமல் சொல்கிறார்கள். அழுகை நின்றால் நமக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கான விலையை நாலாம் நாள் அந்த வீடு கொடுக்கிறது.

அப்படியானால் என்ன சொல்வது? தெரிந்ததை, தெரிந்த நேரத்தோடு சொல்லுங்கள். "இன்று காலை ஏழு மணிக்கு அண்ணன் பேசினார். அறையில் ஆறு பேர் இருக்கிறார்களாம், சாப்பாடு இருக்கிறதாம். அதற்குப் பிறகு என்ன என்று எங்களுக்குத் தெரியாது. நாளை பத்து மணிக்கு மறுபடி வருவேன்." பத்து மணிக்குப் போய்விடுங்கள். புதிய செய்தி ஒன்றும் இல்லை என்றாலும் போங்கள். நான் ஒவ்வொரு வீட்டிலும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைக்கச் சொல்கிறேன். என்ன செய்தி, யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று மூன்று பத்தி. யாரோ சொன்னதாம் என்பது நோட்டில் ஏறாது. நேரில் பேசியவர் பெயர் இருந்தால்தான் ஏறும். பாஸ்போர்ட் எண், படகின் பதிவு எண், முதலாளி பெயர், துறைமுகத்தின் பெயர் எல்லாம் முதல் பக்கத்தில். பாதி வீடுகளில் துறைமுகத்தின் பெயரே தெரியாது, "ஈரான்" என்று மட்டும்தான் தெரியும்.

அது தெரிவது எவ்வளவு முக்கியம் என்று வரைபடத்தைப் பார்த்தால் புரியும். நம் ஆட்கள் வேலை செய்யும் கிஷ் தீவுக்கும் தெஹ்ரானுக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். கிஷ்ஷில் இருப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். திரையில் எரிகிற கட்டடம் அவர் இருக்கும் இடமா என்ற கேள்விக்கு மட்டும் இது பதில்.

டிவி முன்னால் காவல் இருப்பது

செய்தியைப் பார்த்துக்கொண்டே இருப்பது அங்கே இருப்பவருக்குத் துணை இருப்பது போலத் தோன்றும். அணைத்தால் துரோகம் செய்வதுபோல இருக்கும். ஒரு மைனி என்னிடம், "நான் கண்ணை மூடினா அவுங்களுக்கு ஏதாச்சும் ஆயிரும்னு இருக்கு" என்றார். இந்த எண்ணத்தைக் கேலி செய்யவே கூடாது. அன்பிலிருந்து வருகிற எண்ணம் அது.

ஆனால் உடம்பு இதைத் தாங்காது. 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அதற்குப் பிந்திய வாரத்தில் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் இருந்ததாக கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆச்சரியமில்லை. இடத்தில் இருந்தவருக்கு அது ஒரு தடவை நடந்தது. டிவி முன்னால் இருப்பவருக்கு நாற்பது தடவை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும், வயிறு எரியும். போதாததற்கு, காட்டப்படுவதெல்லாம் போரும் அல்ல. 'ஆர்மா 3' என்ற வீடியோ கேம் காட்சிகள் போர்க் காட்சிகளாகச் சுற்றுகின்றன என்று அதைத் தயாரித்த நிறுவனமே 2022-இல் அறிக்கை விட வேண்டியிருந்தது.

புதிதாக வருபவர்கள் இதற்கு மறுகோடியில் ஒரு அறிவுரை சொல்கிறார்கள்: செய்தியே பார்க்காதீர்கள். கணவன் அங்கே இருக்கும்போது யாரால் முடியும்?

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது என் அப்பா அங்கே இருந்தார். எனக்கு ஏழு வயது. அம்மா இரவில் பிபிசி தமிழோசை கேட்பார். அது முடியும், ரேடியோவை அணைப்பார், ஒரு செபமாலை சொல்வார், படுப்பார். பகலில் தண்ணீர் எடுத்தார், கயிறு திரித்தார். பயம் குறைவு என்று சொல்லமாட்டேன், இரவில் அழும் சத்தம் கேட்டிருக்கிறேன். ஆனாலும் செய்திக்கு அன்று ஒரு முடிவு இருந்தது. மறுநாள் வரை வேறு வேலை பார்க்க முடிந்தது. அப்பா ஜோர்டானின் அம்மான் வழியாக, லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் கொண்டுவந்த அந்தக் கூட்டத்தில் ஒருவராக வந்து சேர்ந்தார்.

அந்த முடிவை இன்று நாமே உண்டாக்க வேண்டும். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. வீட்டில் கொஞ்சம் நிதானமான ஒருவர் செய்தியை வாசித்துவிட்டு மற்றவர்களுக்கு வாயால் சொல்லட்டும். வாயால் கேட்கும் செய்தியில் எரிகிற படம் இல்லை.

ஒற்றை டிக்கைச் சாவுச் செய்தியாக எடுத்துக்கொள்வது

வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் என்றால் செய்தி அந்தப் போனுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். 2025 ஜூன் 18 முதல் சில நாட்கள் ஈரானில் இணையமே ஏறக்குறைய நிறுத்தப்பட்டிருந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கம் எத்தனை வீடுகளில் ஒப்பாரி கேட்டது! போர் நடக்கும் இடத்தில் போன் நிற்பது வழக்கம். இணையம் இருக்கும்போதே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: தொடர்பு போனால் யார் மூலம் சொல்வது, கூட இருப்பவர்களில் யார் எண்ணுக்கு அழைப்பது.

நம் பயத்தை அவரிடம் கொட்டுவது

மனைவி அழைக்கிறார், அம்மா அழைக்கிறார், அக்கா அழைக்கிறார், மூவரும் அழுகிறார்கள், மூவரும் டிவியில் கண்டதைச் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர் மூன்று பேரைத் தேற்றிவிட்டுத் தன் பயத்தோடு தனியாக இருக்கிறார். போனில் சார்ஜும் தீர்கிறது. தூதரகத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ அழைப்பு வரும் நேரத்தில் போன் அணைந்து கிடந்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு ஒருவர் பேசுங்கள், ஐந்து நிமிடம் போதும். வீட்டில் என்ன கறி, பிள்ளை பள்ளிக்குப் போனானா என்று சொல்லுங்கள். அவருக்கு அதுதான் வேண்டும்.

இரவு பத்து மணிக்கு மேல் காணொளி

வேண்டாம்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

எல்லாம் தெரியும், தப்பாகத் தெரியும். ஒரே கட்டடம் விழுவதைப் பத்து தடவை காட்டினால், பத்து கட்டடம் விழுந்ததாகச் சின்னப் பிள்ளை எண்ணும். 2025 மே மாதம் இந்தியா, பாகிஸ்தான் சண்டை நடந்த நான்கு நாட்களில் ஒரு ஒன்றாம் வகுப்புப் பையன் கட்டிலுக்கு அடியில்தான் தூங்குவேன் என்று அடம்பிடித்தான். பெற்றோர் அவனுக்கு எல்லையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்கள். நீ என்ன பார்த்தாய் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெரியவர்கள் கூடங்குளம் பக்கத்தில் இருக்கிறதே என்று பேசியதைக் கேட்டிருக்கிறான். முதலில் கேளுங்கள், அப்புறம் அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவனிடமும் "ஒன்றும் நடக்காது" என்று சத்தியம் செய்யாதீர்கள். "சத்தம் கேட்டால் நான் உன் பக்கத்தில் இருப்பேன்" என்றால் அது உங்களால் காப்பாற்ற முடிந்த வார்த்தை.

எதிரியைப் பக்கத்துத் தெருவில் தேடுவது

யார் எந்த நாட்டுக்கு ஆதரவு என்று வாட்ஸ்அப்பில் மதம் பார்க்கத் தொடங்கினால் குழுவை விட்டு வெளியேறுங்கள். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

செபம் போதும் என்று இருந்துவிடுவது

செபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்) எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், பணம் இல்லை. நேரில் போவதென்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செத்துவிடலாம் என்று சொல்பவரை மட்டும் ஒரு இரவுகூடத் தனியாக விடாதீர்கள்.

திரும்பி வந்தவரை முதல் நாளே விசாரிப்பது

தூத்தூர் வீட்டு ஆள் ஜூலையில் வந்தார். தெருவே கூடிவிட்டது. குண்டு விழுந்ததைப் பார்த்தியா, எத்தனை பேர் செத்தான் என்று ஆளாளுக்குக் கேள்வி. அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த முறை என் கூட இருந்த அந்தப் பிள்ளைதான் எழுந்து, "எல்லாரும் போயிட்டு நாளைக்கு வாங்க, அண்ணன் தூங்கட்டும்" என்று வாசலைச் சாத்தினாள். அடுத்த வாரம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் வெடி போட்டபோது அவர் திண்ணையிலிருந்து துள்ளி எழுந்ததாக மனைவி சொன்னார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. மடிவலை முடைகிற இடத்தில் போய் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துவிட்டு வந்தோம். ஒன்பதாம் நாள் அவராகப் பேசினார். முதலில் சொன்னது முதலாளி தராமல் விட்ட இரண்டு மாதச் சம்பளத்தைப் பற்றி. மனைவி அந்த நோட்டை எடுத்து வந்தார். தொகை, தேதி, முதலாளி பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டோம்.