டர்பனில் வெளிநாட்டு நடுவர் தீர்ப்பு: வழக்கு நிதியாளரின் பங்கைக் கோட்டைவிடும் இடங்கள்

லண்டனில் நடுவர் தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே, இருதரப்பும் ஒப்புக்கொண்டபடி நடுவர் தரும் தீர்ப்பு) வாங்கியாயிற்று. பணம் தரவேண்டியவரின் கிடங்கும் வங்கிக் கணக்கும் டர்பனில் இருக்கின்றன. வழக்கு நடத்தப் பணம் போட்டவருக்கு அவர் பங்கைக் கொடுத்தாக வேண்டும். அதையும் எதிர்த்தரப்பிடமே வாங்கிவிட, டர்பன் உயர் நீதிமன்றத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பதுதான் மிகப் பெரிய தவறு.

2017ஆம் ஆண்டின் சர்வதேச நடுவர் சட்டப்படி, தீர்ப்பில் உள்ளதைத்தான் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் தன் ஆணையாக்கித் தரும். இல்லாத தொகையைச் சேர்க்காது. நிதியாளரின் பங்கை நடுவரிடமே, செலவுக் கணக்கு கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கேட்டும் நடுவர் முடிவு சொல்லாமல் விட்டிருந்தால், சர்வதேச வணிகச் சபையின் (ஐசிசி) 2021 நடுவர் விதிகளின்படி தீர்ப்பு கைக்கு வந்து 30 நாளுக்குள் கூடுதல் தீர்ப்புக்கு மனுச் செய்யலாம். கேட்கவே இல்லையென்றால் அந்தக் கதவும் மூடியதுதான்.

கேட்பவர்கள் பெரும்பாலும் 2016ஆம் ஆண்டின் எஸ்ஸார்–நார்ஸ்காட் வழக்கைக் காட்டுகிறார்கள். அதில் நிதியாளர் போட்டது 6,47,000 பவுண்டு. ஒப்பந்தப்படி அவருக்கு அதில் 300 விழுக்காடு அல்லது மீட்ட தொகையில் 35 விழுக்காடு. நடுவர் அதை 'இதர செலவு' என்று ஏற்றார், இங்கிலாந்து உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆனால் ஏன் ஏற்றார் என்பதைப் பலர் படிப்பதில்லை. எதிர்த்தரப்பின் நடத்தையே வழக்குத் தொடுத்தவரைப் பண முடைக்குத் தள்ளியது, அந்த நிபந்தனைகள் சந்தை வழக்கத்துக்கு உட்பட்டவை என்று நிரூபணமானது. ஆகவே அந்தக் காலத்து வங்கிக் கணக்கு, கடன் மறுப்புக் கடிதங்கள், மற்ற நிதியாளர்கள் சொன்ன விலை ஆகியவற்றை அன்றே திரட்டி வையுங்கள். நிதியாளர் தந்த முதலும் வழக்கறிஞர் கட்டணமாக ஏற்கெனவே கணக்கில் இருக்கும். அதை மறுபடி சேர்த்தால் இரட்டைக் கணக்கு என்று முழுக் கோரிக்கையுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பங்கு மீட்ட தொகையின் விழுக்காடாக இருந்தால் இன்னொரு கண்ணி உண்டு. 2023 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பேக்கார் வழக்கில் அத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றை அமலாக்க முடியாதவை ஆக்கியது. அமலாக்க முடியாத ஒப்பந்தத்தின் கீழ் செலவே ஏற்படவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

தென்னாப்பிரிக்காவில் நிதியுதவி என்பதே பொதுக் கொள்கைக்கு விரோதமல்ல. 2004இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உருளைக்கிழங்குக் கூட்டுறவு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. தொகையின் அளவைப் பற்றி 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் (தீர்ப்பை ஏற்க மறுக்கும் காரணங்கள்) கீழ் எதிர்ப்பு வரலாம். தீர்ப்பில் அது தனி வரியாக இருந்தால், அதை ஒதுக்கி மீதியையாவது நிறைவேற்றச் சொல்லிக் கேட்க இடமிருக்கும். மொத்தச் செலவு என ஒரே தொகையாகக் கலந்துவிட்டால் எதைப் பிரிப்பது?

வெளிநாட்டுத் தீர்ப்பை நிறைவேற்ற அமைச்சரின் அனுமதி வேண்டும் என்று பழைய குறிப்புகளில் இருக்கும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நடுவர் தீர்ப்புக்கு அது தேவையில்லை. தீர்ப்பு, நடுவர் ஒப்பந்தம் இரண்டின் மூலமோ சான்றிட்ட நகலோ வேண்டும். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழை மதித்துப் பேணச் சொன்னாலும் அது இங்கே ஆட்சிமொழி அல்ல. தமிழில் எழுதிய ஒப்பந்தமானால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு அவசியம்.

டர்பன் கட்டத்துக்கான நிதியாளர் பங்கு உங்கள் தலையில்தான். வாதாடும் வழக்கறிஞரின் கட்டணமே எதிர்த்தரப்பிடமிருந்து 2024 ஏப்ரல் முதல் கால் மணி நேரத்துக்கு 375, 750, 1,125 ராண்ட் என்ற மூன்று படிகளுக்குள்தான் கிடைக்கும். வெளிநாட்டுக் கம்பெனியானால் உயர் நீதிமன்ற விதிகளில் 47ஆம் விதியின்படி எதிர்த்தரப்பு தன் வழக்குச் செலவுக்குப் பிணைத்தொகை கேட்கலாம். அதை யார் கட்டுவது என்பதை நிதியாளருடன் மனு போடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.