ஹால் லேஅவுட்: மேசையைத் தூக்குமுன் திரையில் போட்டுப் பாருங்கள்

நிகழ்ச்சி ஹாலில் மேசை, நாற்காலி எங்கே வரும் என்று காட்டும் வரைபடம்தான் லேஅவுட். வரைபட மென்பொருளில் ஆயத்தப் படங்கள் உள்ள லைப்ரரியிலிருந்து நாற்காலி, மேசைப் படங்களை இழுத்துப்போட்டு அழகாக அடுக்கிவிட்டால் அது லேஅவுட் ஆகிவிடாது. அந்தப் படங்கள் உங்கள் மேசையின் அளவில் வருவதில்லை. ஹாலின் பரப்பை ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்துக் கணக்குப் போட்டாலும் ஏமாற்றம்தான். 20 மீ. நீளம், 12 மீ. அகலம் கொண்ட ஹாலில் ஆளுக்கு 1.2 சதுர மீட்டர் என்றால் 200 பேர் வரும். மேடை, வாசல், பரிமாறும் வழி எல்லாம் போக வட்ட மேசைகளில் 120 பேர்தான் உட்கார முடியும். மீதி 80 பேருக்கு இடமில்லை என்பது நிகழ்ச்சியன்றுதான் தெரியவரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலை.

முதலில் டேப்போ லேசர் அளவுகோலோ எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போங்கள். நான்கு சுவர்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தே ஆக வேண்டும். 20 × 12 ஹாலுக்கு மூலைவிட்டம் 23.32 மீ. இரண்டும் அந்த அளவில் இருந்தால் மூலைகள் செங்கோணம். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தால் ஹால் கோணலாக இருக்கிறது, செவ்வகமாக வரைந்தால் கடைசி வரிசை இடிக்கும். தூண்களின் தடிமன், கதவின் அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பிளக் பாயின்ட், ஸ்விட்ச் போர்டு, தீயணைப்பான் ஆகியவற்றையும் ஒரே மூலையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கட்டட பிளானை மட்டும் நம்ப வேண்டாம். பின்னால் போட்ட தடுப்புச் சுவர் அதில் இருக்காது.

வரைய மைக்ரோசாஃப்ட்டின் விசியோ மென்பொருள் இருந்தால், பேஜ் செட்டப்பில் டிராயிங் ஸ்கேலை 1:50 அல்லது 1:100 என்று வைத்துவிட்டு, நிஜ அளவுகளையே கொடுக்கலாம். இலவச வரைபட மென்பொருளான டிரா.ஐஓவில் (draw.io) சுலபமான வழி, ஒரு யூனிட்டை ஒரு செ.மீ. என்று வைத்துக்கொள்வது. கிரிட் (பின்னணிக் கட்டம்) 10 யூனிட். ஹால் 2000 × 1200. வலப்பக்கம் உள்ள அரேஞ்ச் பகுதியில் அகலம், உயரம், இடது, மேல் என்ற நான்கு பெட்டிகளிலும் எண்ணைத் தட்டுங்கள். மவுஸால் இழுத்து அளவு வைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

லேயர்களை, அதாவது தனித்தனியே மறைக்கவும் பூட்டவும் முடிகிற அடுக்குகளை, தொடக்கத்திலேயே பிரித்துவிடுவது நல்லது: கட்டடம், இருக்கைகள், மின்சாரமும் ஒலி-ஒளியும், வெளியேறும் வழி, அளவுகள். கட்டட லேயரை வரைந்து முடித்ததும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் மேசையை நகர்த்தும்போது சுவரும் கூடவே நகரும், கவனிக்கவும் மாட்டீர்கள். கதவு திறக்கும் கால்வட்டத்தையும் அதே லேயரில் வரையுங்கள்.

இனி மேசைகள். 180 செ.மீ. வட்ட மேசைக்குப் பத்துப் பேர், 150 செ.மீ. மேசைக்கு எட்டுப் பேர். சுற்றிலும் நாற்காலிகளை 36 டிகிரி வீதம் திருப்பித் திருப்பி வைப்பது வீண் வேலை. அதற்குப் பதில் 180 விட்டத்தில் ஒரு வட்டம், அதே மையத்தில் 270 விட்டத்தில் ஒரு புள்ளிக்கோட்டு வட்டம் வரைந்து இரண்டையும் ஒன்றாக நகரும்படி குரூப் செய்யுங்கள். வெளி வட்டம், ஆள் உட்கார்ந்த நிலையில் நாற்காலி பிடிக்கும் இடம்: பக்கத்துக்கு 45 செ.மீ. வழி என்பது இந்த வெளி வட்டங்களுக்கு இடையே இருப்பது மட்டுமே. மேசை விளிம்பிலிருந்து வழியை அளப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. இந்தக் குரூப்பை, நம் சொந்த வடிவங்களைச் சேமிக்கும் ஸ்கிராட்ச்பேடில் போட்டுவைத்தால் அடுத்த ஹாலுக்கும் ஆகும். குரூப்பின் ஓரத்தைத் தவறிப் பிடித்து இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து சுருங்கும். முடிந்ததும் ஒருமுறை அளவைச் சரிபாருங்கள்.

ஆள் நுழைந்து பரிமாற 60 செ.மீ., முக்கிய வழிக்கு 120 செ.மீ., சுவரோரம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேடை 3 மீ. ஆழம், அதன் முன்னால் 2 மீ. காலி. அகலவாட்டில் வெளி வட்டங்களின் தொடக்கம் பக்கச் சுவரிலிருந்து செ.மீ.இல் 90, 420, 840; அதாவது ஓர் இடைவெளி 60, முக்கிய வழியான மற்றொன்று 150. நீளவாட்டில் மேடைப் பின்சுவரிலிருந்து 500, 830, 1160, 1490. பின்னால் வாசலுக்கு 240 மிஞ்சும். மூன்று நான்கு பன்னிரண்டு மேசை, 120 பேர். ஒன்றுவிட்டு ஒன்றாக மேசைகளை நகர்த்தி அடுக்கினால் அதிகம் பிடிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பெரிய ஹாலில் அது உண்மை. இங்கே நகர்த்திய வரிசையில் இரண்டு மேசைதான் நுழையும், வரிசைகளும் நான்கைத் தாண்டாது. 3, 2, 3, 2 என்று பத்து மேசையோடு நின்றுவிடும்.

எல்லாரும் மேடையைப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சியென்றால் மேடைப் பக்கம் நாற்காலி போடக் கூடாது. மேசைக்கு ஆறு பேர் என்று கணக்கு 72க்கு இறங்கும். வெறும் நாற்காலி வரிசைகள் போட்டால் இதே ஹாலில் 224 பேர்: நாற்காலிக்கு 50 செ.மீ. அகலம், வரிசைக்கு வரிசை 90 செ.மீ., நடுவிலும் இரு ஓரங்களிலும் 120 செ.மீ. வழி, எட்டெட்டாக இரண்டு பகுதி, 14 வரிசை. பின்பக்கம் 2 மீ. விட்டது போகத்தான் இந்தக் கணக்கு. உங்கள் ஊர்த் தீயணைப்பு விதி வரிசைக்கு இத்தனை நாற்காலி, வழிக்கு இத்தனை அகலம் என்று வேறு எண் சொன்னால் அதுதான் செல்லும்.

வெளியேறும் வழியை 120 செ.மீ. அகலச் சிவப்புப் பட்டையாக, ஒவ்வொரு கதவிலிருந்தும் உள்நோக்கி வரையுங்கள். பட்டையின் மேல் எதுவும் ஏறக் கூடாது. பஃபே மேசையும் ஸ்பீக்கர் ஸ்டாண்டும்தான் வழக்கமாக ஏறும். சக்கர நாற்காலிக்கு 90 × 120 செ.மீ. செவ்வகம் ஒன்று செய்து, வாசலிலிருந்து மேசைவரை 90 செ.மீ. வழி தடையில்லாமல் இருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். மேலே சொன்ன 60 செ.மீ. இடைவெளியில் அது போகாது. 150 செ.மீ. வழியை ஒட்டிய மேசையைத்தான் ஒதுக்க வேண்டும். திரும்புவதற்கு 150 செ.மீ. விட்டம் தேவை.

புரொஜெக்டரையும் மறந்துவிடாதீர்கள். திரோ ரேஷியோ (திரைவரை உள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தால் வரும் எண்) 1.5 உள்ள கருவிக்கு 3 மீ. அகலத் திரையிலிருந்து 4.5 மீ. தள்ளி இடம் வேண்டும். திரை மேடையின் பின்சுவரில் இருந்தால் புரொஜெக்டரின் இடம் மேடைக்கு முன்னுள்ள காலியிடத்தில் விழும். ஒளி போகும் முக்கோணத்தையும் வரைந்துவிட்டால் பேச்சாளர் அதற்குள் நிற்கிறாரா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மேசை போடும் ஆட்களுக்கு இந்த முழுப் படமும் தேவையில்லை. மற்ற லேயர்களை மறைத்து, மேசை மையங்களின் தூரத்தை மட்டும் ஒரே மூலையிலிருந்து எழுதிக் கொடுங்கள்: பக்கச் சுவரிலிருந்து 225, 555, 975, மேடைப் பின்சுவரிலிருந்து 635, 965, 1295, 1625. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு என்று எழுதினால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போய்க் கடைசி மேசை வாசலில் நிற்கும்.

அச்சிடும்போது ஒரு சிக்கல் உண்டு. டிரா.ஐஓவில் 100 யூனிட் ஓர் அங்குலம், ஆகவே 2000 யூனிட் ஹால் 508 மி.மீ. வரும், ஏ3 தாளின் நீளமே 420தான். தாளுக்குள் பொருந்தும்படி சுருக்கியே ஆக வேண்டும், ஸ்கேல் போய்விடும். அதனால் படத்தின் ஓரத்தில் 500 யூனிட் நீளக் கோடு வரைந்து ‘5 மீ.’ என்று எழுதிவிடுங்கள், எவ்வளவு சுருக்கினாலும் கோடும் கூடவே சுருங்கும். மாற்று அமைப்புகளை அதே கோப்பில் தனித்தனிப் பக்கங்களாக வையுங்கள். மேசை எண்ணை ஒருமுறை கொடுத்த பிறகு, மேசை நகர்ந்தாலும் எண்ணை மாற்றாதீர்கள்; விருந்தினர் பட்டியல் அந்த எண்ணில்தான் போயிருக்கும்.