பேருந்தின் எண்ணோடு வழியையும் படியுங்கள்
தடம் மாற்றப்படும்போது எண் பழையதாகவே இருக்க, வழி மட்டும் மாறிவிடுவதுண்டு. ஆகவே வேலூரில் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே செல்வோர், எண்ணைக் கண்டவுடன் ஏறிவிடாமல், பெயர்ப்பலகையில் ‘வழி’ என்ற சொல்லுக்குப் பின் பழைய பேருந்து நிலையம் உள்ளதா, புதிய பேருந்து நிலையம் உள்ளதா என்று பார்ப்பது நல்லது. பேருந்து நிலையத்துச் சுவரில் எழுதியிருப்பது பெரும்பாலும் அங்கிருந்து புறப்படும் நேரமே தவிர, இடைநிறுத்தத்துக்கு வந்துசேரும் நேரம் அன்று. இதை அறியாமல் தொரப்பாடியில் நான் காத்து நின்ற காலைகள் பல. அட்டவணையைக் கைப்பேசியில் படமெடுத்து, உங்கள் நிறுத்தம்வரை ஆகும் நிமிடங்களை இரண்டு மூன்று நாள் கவனித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். சுவரில் பெயின்ட் மங்கியிருந்தால் அந்த நேரங்களை நம்பாமல், நிலையத்திலுள்ள நேரக் காப்பாளரிடமே கேட்டுவிடுங்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தை அவரிடம் மறவாமல் உறுதிசெய்துகொள்ளுங்கள்.