லினக்ஸ் தானே என்று அசட்டையாக இருக்கும்போது நடக்கும் தவறுகள்

"லினக்ஸில் வைரஸ் வராது" என்பது பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. டெஸ்க்டாப்பில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் பூட்டை உடைத்து உள்ளே வருபவர்கள் குறைவு. பெரும்பாலும் நாமே கதவைத் திறந்து விடுகிறோம்.

ஒரு மென்பொருளை நிறுவ வழி தேடுகிறோம். ஏதோ ஒரு பக்கத்தில் ஒற்றை வரிக் கட்டளை கிடைக்கிறது: இணையத்திலிருந்து இறக்கும் கர்ல் என்று தொடங்கி, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, கடைசியில் இறக்கியதை அப்படியே ஓட்டும் சூடோ பாஷ். அதை டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஒட்டி, கேட்ட பாஸ்வேர்டையும் தட்டிவிடுகிறோம். யாரோ எழுதியதைப் படித்துக்கூடப் பார்க்காமல் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு, ஓட்டியாயிற்று. அந்தக் கட்டளை இறக்கும் ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) முதலில் கோப்பாக இறக்கித் திறந்து பாருங்கள். புரியவில்லையா, விட்டுவிடுங்கள், அதே மென்பொருள் உங்கள் டிஸ்ட்ரோவின் (உபுண்டு, ஆர்ச் போன்ற லினக்ஸ் வகையின்) மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கலாம். இன்னொன்று, பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற வரிதான் காப்பி ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எடிட்டரில் ஒட்டிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் டெர்மினல் பக்கம் போவேன்.

களஞ்சியத்துக்கு வெளியே போனால் இன்னும் கவனம் வேண்டும். ஆர்ச் பயனர்களே தொகுப்புகளை ஏற்றும் ஏயுஆரில் பராமரிப்பாளர் இல்லாமல் கிடந்த அக்ரோரீட் என்ற பிடிஎஃப் படிப்பான் தொகுப்பை 2018 ஜூலையில் ஒருவர் எடுத்துக்கொண்டு, அதில் கெடுநிரலைச் சேர்த்துவிட்டார். உபுண்டுவில் ஒரு பிபிஏ (தனிப்பட்டவர்கள் நடத்தும் களஞ்சியம்) சேர்த்தால், அதை நடத்துபவர் அனுப்பும் ஒவ்வொரு அப்டேட்டும் ரூட்டாகத்தான் நிறுவப்படும். லினக்ஸை நிறுவ இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பும் விதிவிலக்கல்ல. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் நுழைந்தவர்கள், இறக்கும் இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பினார்கள். தளமே அவர்கள் கையில் இருந்தால் அதிலுள்ள செக்சம்மையும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்ணையும்) மாற்றிவிட முடியும். அதனால் உருவாக்கியவர்கள் தங்கள் ரகசியச் சாவியால் போட்ட ஜிபிஜி டிஜிட்டல் கையொப்பத்தையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

"ரூட் பாஸ்வேர்டு பத்திரமாக இருக்கிறதே!" சரி, உங்கள் லாகினை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கிகள், வேறு கணினிகளுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவிகள், புகைப்படங்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன? ஹோம் ஃபோல்டரில். அவற்றைத் திருட ரூட் தேவையே இல்லை. டெர்மினல் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் சூடோவுக்கு ஒரு போலி ஏலியாஸ் (மாற்றுக் கட்டளை) எழுதி வைத்தால், அடுத்த முறை நீங்கள் தட்டும் பாஸ்வேர்டும் போய்விடும். திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ்11 அமர்வில் ஒரு செயலி இன்னொன்றில் தட்டுவதை ஒட்டுக்கேட்கலாம். அதன் புதிய மாற்றான வேலண்ட் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது எல்லோரிடமும் உள்ள நோய். வேறொரு பயனராகக் கட்டளை ஓட்ட உதவும் பிகேஎக்ஸெக் கருவியில் 2009 முதல் இருந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. சாதாரணப் பயனர் யாரும் அதைக்கொண்டு ரூட் ஆகிவிடலாம். கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அப்டேட் என்றால் ரீஸ்டார்ட் செய்யும்வரை பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபயர்வால் விஷயத்தில் ஒன்று: உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ இருக்கும், ஆனால் அணைந்தே இருக்கும். அதை இயக்கினாலும், டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) திறந்துவிடும் போர்ட்டுகள் (வலையமைப்பு வாசல்கள்) அதன் கண்ணில் படாமல் வெளியுலகுக்குத் திறந்தே இருக்கும்.

கடைசியாக, லாகின் பாஸ்வேர்டு டிஸ்க்கைப் பூட்டாது. லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) ஒன்று இருந்தால் எல்லாக் கோப்புகளையும் படித்துவிடலாம். நிறுவும்போதே டிஸ்க்கைப் பூட்டும் லக்ஸ் என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சேர்ப்பது பெரும் தலைவலி. அதைத் திறக்கும் கடவுத்தொடரைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது.