பழைய டீசல் கார் வாங்குவதென்றால் விடியக் காலையில் போங்கள்

விற்கிறவர் "பின்னேரம் வாங்க, ஆறுதலாப் பார்க்கலாம்" என்று சொன்னால், "இல்லை, காலையில் ஆறு மணிக்கே வாறன், அதுக்கு முன்னம் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வசனத்துக்கு அவர் முகம் போகிற போக்கிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும்.

நான் இதைக் காசு கொடுத்துத்தான் படித்தேன். கல்முனைப் பக்கம் ஒரு டேஷ் நம்பர் (பழைய வகை இலக்கத் தகடு) கொரோலா, 2சி டீசல் எஞ்சின். நானும் மச்சானும் போய்ச் சேரும்போது மாலை நாலு மணி. பொனட்டில் கை வைத்தேன், சுட்டது. "இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தன்" என்றார் அந்த மனிதர். சாவியைத் திருப்பினதும் அரைச் சுற்றில் பிடித்தது, எனக்கும் மனது பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கொண்டுவந்த அடுத்த நாள் காலை வீட்டு முற்றத்தில் மூன்று தரம் முறுக்கியும் பிடிக்கவில்லை, நாலாம் தரம் பிடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் நெருப்புப் பற்றிவிட்டதாக நினைத்து ஓடிவந்தார், அவ்வளவு வெள்ளைப் புகை. குளிர்ந்த எஞ்சின் பிடிக்க உள்ளே சூடேற்றுகிற ஹீட்டர் பிளக் நாலும் செத்துப் போயிருந்தது. அது சின்னச் செலவு. அதன் பின்னால் டீசல் பம்ப் ஒளிந்திருந்தது, அது சின்னச் செலவில்லை.

முதலில் உங்களுக்கு டீசல் வேண்டுமா என்று பாருங்கள். நம்ம ஆட்கள் இன்னும் "டீசல் மலிவு" என்று 2020 ஆம் ஆண்டுக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். அப்போது லீற்றர் பெற்றோல் 137 ரூபா, டீசல் 104. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460 என்று வந்து நின்றதே, அதோடு அந்தக் கதை உடைந்துவிட்டது. இப்போது மிச்சம் பிடிப்பதென்றால் பெரும்பாலும் ஒரு லீற்றருக்கு ஓடுகிற தூரத்தில்தான். ஒரு பேச்சுக்கு டீசல் கார் 14 கிலோமீற்றர், அதே அளவு பெற்றோல் கார் 11 என்று வையுங்கள். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு 20 லீற்றர் மிச்சம், லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால் 6000 ரூபா. வீட்டிலிருந்து கந்தோருக்கும் சந்தைக்குமாக மாதம் 300 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு 1800 ரூபாவும் வராது. அந்த 1800ஐச் சேர்த்துச் சேர்த்து ஒரு பம்ப் வேலைக்குக் கட்டி முடிக்க எத்தனை வருடம் போகும் என்று நீங்களே பாருங்கள். அக்கரைப்பற்றிலிருந்து தினமும் மட்டக்களப்புக்கு வேலைக்கு வருகிறவர், கொழும்புக்கு அடிக்கடி போகிறவர், சாமான் ஏற்றுகிறவர், இவர்களுக்கு டீசல் சரி. மற்றவர்கள் இன்னொரு தரம் யோசியுங்கள்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கத்தில் திரும்பத் திறக்கும்வரை, இருக்கிற வாகனங்களையே ஒட்டி ஒட்டி ஓடினோம். பெயின்ற் அடித்து மினுக்கிய முப்பது வருடப் பழசு நிறையச் சுற்றுவது அதனால்தான்.

சரி, காலை ஆறு மணிக்குப் போய்விட்டீர்கள். பொனட்டைத் திறந்து எஞ்சினில் கை வையுங்கள், குளிர்ந்து இருக்க வேண்டும். சாவியை ஒரு படி திருப்பி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்து, அதன் பிறகு ஸ்டார்ட். பின்பக்கம் ஒருவரை நிறுத்துங்கள், புகையைப் பார்ப்பது அவர் வேலை. முதல் சில விநாடி கொஞ்சம் வெள்ளையாக வந்து மறைந்தால் பரவாயில்லை. வெள்ளை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹீட்டர் பிளக், டீசல் பாய்கிற டைமிங், இல்லாவிட்டால் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற அழுத்தம்) குறைவு. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளை, அதோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் அந்தத் தண்ணீர்தான் எரிகிறது. நீலம் என்றால் ஒயில். கறுப்பு என்றால் டீசல் கூடுதலாகவோ காற்றுக் குறைவாகவோ போகிறது, அது சிலவேளை அடைத்த எயார் ஃபில்டர் மட்டுமாகவும் இருக்கும், ஆகவே கறுப்பைக் கண்டதும் ஓடிவிட வேண்டாம். ஒயில் கறுப்பாக இருப்பதும் டீசலில் சாதாரணம்தான், அதைக் காட்டி விலை குறைக்கப் போனால் மெக்கானிக் சிரிப்பார்.

எஞ்சின் ஓடும்போதே ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி அந்த வாயின் மேல் சும்மா வைத்துப் பாருங்கள். லேசாக ஆடலாம். துள்ளி விழுந்தால், இல்லை கேத்தில் மாதிரி புஸ் புஸ் என்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து போயிருக்கிறது, எஞ்சின் பிரிக்க வேண்டிய நாள் கிட்டத்தான்.

"புகைச் சான்றிதழ் இருக்கு, பாஸ் பண்ணிட்டுது" என்பார்கள். வருமான அனுமதிப்பத்திரம் (வாகனத்துக்கு வருடாவருடம் எடுக்கிற லைசென்ஸ்) புதுப்பிக்க அது கட்டாயம், ஆகவே ஓடுகிற எல்லா வாகனத்திலும் இருக்கும். டீசலுக்கு அங்கே அளப்பது அக்சிலேட்டரை அழுத்தும்போது வருகிற புகையின் கருமையை. பம்பில் டீசலைக் குறைத்துவைத்துப் பாஸ் பண்ணி, வீட்டுக்கு வந்து திரும்பக் கூட்டிவிடுகிற வேலை எல்லா ஊரிலும் நடக்கிறது.

இப்போது பம்ப், எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற சாமான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கார், வேன் டீசல்களில் பெரும்பாலும் இருக்கிற அந்தச் சுழல் பம்புக்கு உள்ளே வேறு ஒயில் இல்லை, அதற்குள் ஓடுகிற டீசல்தான் அதற்கு எண்ணெய். 2022இல் டீசல் 400 ரூபாவைத் தாண்டி, அதுவும் வரிசையில் நின்றாலும் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தது. அந்த வருடம் ஆகஸ்டில்தான் அதை 340 ஆக்கினார்கள். அந்த இடைவெளியில் எத்தனை டீசல் வாகனங்கள் மண்ணெண்ணெய் குடித்தன என்று நம்ம கடற்கரை ஊர்களில் கேட்டால் எவரும் சொல்ல மாட்டார், ஆனால் எல்லோருக்கும் தெரியும். மண்ணெண்ணெயில் வழுக்குத் தன்மை குறைவு, பம்பும் டீசலைப் பீச்சுகிற நொசிலும் உள்ளே உரசித் தேயும். அப்படித் தேய்ந்த பம்ப் குளிரில் ஒரு மாதிரியும் சூட்டில் இன்னொரு மாதிரியும் நடந்துகொள்ளும். என்னுடையது காலையில் பிடிக்காது, பிடித்தபின் நன்றாக ஓடும், இருபது கிலோமீற்றர் ஓடி நிறுத்திவிட்டு உடனே திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் மறுபடி அடம் பிடிக்கும். ஆகவே குளிர் ஸ்டார்ட் மட்டும் போதாது, நன்றாக ஓடிச் சூடாக்கி, பத்து நிமிடம் நிறுத்தி, திரும்பவும் முறுக்குங்கள். பம்பின் மூட்டுகளில் டீசல் கசிவு ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். "மண்ணெண்ணெய் அடிச்சீங்களா?" என்று நேராகவும் கேளுங்கள், பொய் சொன்னாலும் சொல்கிற விதத்தில் ஏதாவது பிடிபடும்.

அடுத்தது சூடு. நம்ம மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒரு காரை வாங்குவதில் பெரிய தொல்லை, கரையோரம் எல்லாம் தட்டை நிலம். கல்லடிப் பாலம் ஏறுவதுதான் நமக்கு மலை. கல்முனை வீதியில் ஐம்பதில் ஓடும்போது எந்த எஞ்சினும் சூடேறாது, எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டில் வெடிப்பு விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடும். முதல் தடவை குடும்பத்தோடு பதுளைக்குப் போகிறபோது, மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் வீதி ஏறத் தொடங்கினதும் ஊசி சிவப்புக்குப் போகும். டர்போ போட்ட 2சி-டி, 3சி-டி எஞ்சின்கள் ஹெட் வெடிப்பதற்குப் பெயர் போனவை, டவுன்ஏஸ், லைட்ஏஸ் வேன் பார்க்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். டர்போ இல்லாத 2சி அவ்வளவு மோசமில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலன்ட் இருந்தால் நல்ல வீட்டில் வளர்ந்த கார். கறள் நிறத் தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கார், அதுவும் கரையோர உவர்க் கிணறு என்றால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிடும்போது குமிழிகள் தொடர்ந்து வந்தால், எண்ணெய்ப் படலம் மிதந்தால், நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

வால்வுகளைத் தக்க நேரத்தில் இயக்குகிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வையுங்கள். பழைய டொயோட்டா டீசல் பலவற்றில் 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எரிய வேண்டிய பெல்ட் விளக்கு ஒன்று டாஷ்போர்டில் இருக்கும், அதன் பல்ப்பையே கழற்றிவிட்ட புண்ணியவான்களும் உண்டு. நிசான் சிடி17, சிடி20இல் வால்வுக்கு ஒரு பெல்ட், பம்புக்குத் தனியாக இன்னொன்று, இரண்டையும் கேட்க வேண்டும். மிட்சுபிஷி 4டி56இல் உள்ளே ஒரு சின்ன பெல்ட்டும் இருக்கிறது, அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் இரண்டும் போகும். டீசலில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். பாதையில் நின்று போவதோடு முடிகிற விஷயமில்லை அது.

பிரேக்கை மறந்துவிடாதீர்கள். டீசல் எஞ்சினில் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தனிப் பம்ப் ஒன்று கொடுக்கிறது, பல கார்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் ஒயில் கசிந்தால், பெடல் கல் மாதிரி இறுகினால், அதுதான் காரணமாக இருக்கும்.

கறளும் வெள்ளமும் நம்ம ஊரின் சொத்து. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் கார். மேலே பெயின்ற் எப்படி இருந்தாலும் கீழே படுத்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம், ஒரு சாக்கை விரித்துக்கொண்டு படுங்கள். பற்றரிக்குக் கீழே, பின் சில்லு வளைவுகள், கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு, முன் ஷொக் மேலே பொருந்துகிற இடம், பிரேக் குழாய்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள், ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசின இடம். 2011 ஜனவரி வெள்ளம், 2014 டிசம்பர் வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம் என்று மட்டக்களப்பும் அம்பாறையும் எத்தனை தரம் தாழ்ந்தது, அதற்குள் நின்ற கார்களும் இன்று சந்தையில்தான் இருக்கின்றன. கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள், சீற் ஓடுகிற தண்டவாளத்தில் கறள், ஹெட்லைட்டுக்கு உள்ளே தண்ணீர் நின்ற கோடு, வயர் முனைகளில் பச்சை, ஏசி போடாமல் கண்ணாடியை மூடி இருந்தால் வருகிற மணம். வெள்ளத்துக்குள் ஓட்டித் தண்ணீர் உறிஞ்சிய டீசலில் கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம், அமுக்கம் கூடிய எஞ்சின் என்பதால் பெற்றோலைவிட இதில் ஆபத்துக் கூட.

வாகனப் பதிவுப் புத்தகத்தையும் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சேசி இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். டொயோட்டா கொரோலாவில் ஒரு சின்னச் சூட்சுமம்: சேசி இலக்கம் சி.ஈ. என்று தொடங்கினால் அது டீசலாகவே பிறந்தது, ஏ.ஈ. அல்லது ஈ.ஈ. என்று தொடங்கினால் பெற்றோலாகப் பிறந்து பிறகு டீசல் எஞ்சின் ஏற்றப்பட்டது. ஏற்றியது குற்றமில்லை, ஆனால் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருளும் மாற்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லாத காரை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட படிவங்களோடு நாலு கை மாறி வந்த ஓபின் பேப்பர் கார்களுக்கும் இதே பதில். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் விடுவித்த கடிதம் கையில் வந்த பிறகுதான் காசு. வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவை என்றும் பாருங்கள், அந்தப் பாக்கியும் தண்டமும் காரோடு சேர்ந்து உங்கள் தலையில் வரும்.

மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடைக் காசு புழங்குகிறபோது விற்கிறவர்களுக்கு வாய் நீளும். முடிந்தால் மாரிக்குள் பாருங்கள், மழையில் கூரை ஒழுக்கும் சேர்ந்து தெரியும். விலை பேசும்போது எடுத்த எடுப்பில் பாதி கேட்கிற புரோக்கர் பாணி எனக்குப் பிடிக்காது. பெல்ட்டுக்கு இவ்வளவு, ஹீட்டர் பிளக்குக்கு இவ்வளவு, நாலு டயருக்கு இவ்வளவு என்று நீங்கள் அழைத்துப்போன மெக்கானிக்கைக் கொண்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், தாள் பேசும். அந்த மெக்கானிக் விற்கிறவரின் சொந்தக்காரராக இருக்கக்கூடாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நம்ம ஊரில் எல்லோரும் யாருக்காவது சொந்தம்தான்.

வாங்கியாயிற்றா, முதல் கிழமையிலேயே பெல்ட், ஒயில், ஒயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட் எல்லாம் மாற்றிவிடுங்கள். சாமான் இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்து இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம், 2சி சாமானுக்கு இன்னும் தட்டுப்பாடு இல்லை. டீசல் ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் வடிக்கிற திருகு இருந்தால் திறந்து ஒரு வெள்ளைப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். என்னுடையதில் கால் போத்தல் தண்ணீர் வந்தது.