கார் இல்லாமல் புரொவான்ஸ்: மூன்று நாள் சிக்கனப் பயணம்

தெற்கு பிரான்ஸின் புரொவான்ஸ் பகுதியில் உள்ள அவிஞோன் நகரில் ஒரே அறையை மூன்று இரவுக்கு எடுங்கள். ஜூலை வேண்டாம், நாடக விழாவால் வாடகை எகிறிவிடும். டிஜிவி எனும் அதிவேக ரயிலின் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, பலர் அங்கே போய் ஏமாறுவார்கள். பழைய நகர மதிலை ஒட்டிய சென்டர் நிலையத்தில் டிஇஆர் உள்ளூர் ரயில் பிடியுங்கள், முன்பதிவு தேவையில்லை.

சனிக்கிழமை ஆர்ல் நகரம். ரயிலில் சுமார் 20 நிமிடம்.

ஞாயிறு, அன்று சந்தை கூடும் லில்-சுர்-லா-சோர்க் ஊர், ரயிலில் சுமார் அரை மணி. இந்தச் சந்தையைத் தவறவிடவே கூடாது. 9 மணிக்கே போங்கள், மதியத்தோடு கடையைக் கட்டிவிடுவார்கள். ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், பழம் வாங்கி ஆற்றங்கரையில் சாப்பிட்டால் மதியச் செலவு மிச்சம். ஞாயிறில் வண்டிகள் குறைவு. திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கள், 49 மீட்டர் உயர ரோமானியப் பாலமான போன் து கார்டுக்குப் பஸ். உணவகங்களில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் 12 முதல் 2 வரைதான். ‘காராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம்.