சொந்தமாக ஆர்க்கிடெக்ட் அலுவலகம் தொடங்குபவர்களுக்கு

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யாதவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பெயர்ப்பலகைக்கு முன் பதிவை முடித்துவிடுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். உறவினர் வீடாக இருந்தாலும், முதல் கோடு போடுவதற்கு முன்பே, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்டணம், எத்தனை முறை வரைபடத்தைத் திருத்தித் தருவீர்கள், தளத்திற்கு எத்தனை முறை வருவீர்கள் என்பவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பல சிறிய அலுவலகங்கள் தடுமாறுவது வடிவமைப்பில் அல்ல, வசூலில்தான் என்பது என் உறுதியான கருத்து.

அலுவலகத்தைப் பெரிதாக்குவதைவிடத் தளத்தில் நிற்பது முக்கியம். பர்மிங்காமில் 1917இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007இல் அங்கேயே மறைந்த லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட் பெரிய அலுவலகம் எதையும் நம்பியிருக்கவில்லை; கொத்தனார்களுடன் தளத்திலேயே நின்று முடிவெடுத்தார். அவர் பரவலாக்கிய 'ராட் ட்ராப்' என்னும் சுவர் கட்டும் முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துவார்கள். இரண்டு கற்களுக்கு நடுவே விடப்படும் வெற்றிடத்தால் செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகும், வெயிலின் சூடும் உள்ளே எளிதில் இறங்காது. ஆனால் அந்த வெற்றிடத்தில் சாந்து விழுந்து அடைபட்டால் பலன் குறைந்துவிடும் என்பதால், முதல் சில வரிசைகளைக் கட்டும்போது கொத்தனாரின் அருகிலேயே இருங்கள்.

மின் இணைப்பு, குழாய் வேலைகளையும் சுவர் எழும்புவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்துக் கொடுத்துவிடுங்கள். இத்தகைய சுவரைப் பின்னர் வெட்டுவது கடினம்.